ஓடையாத்தா கல்லில் எழுத்து இல்லை

அரியலூர்,
9.8.2024, வெள்ளிக்கிழமை.

அன்புத் தம்பி அறிவழகனுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. அரியலூரில் நானும் உன் மாமாவும் நலம். ஊரில் அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது; தைலத்தைத் தேய்த்துக்கொண்டு நடக்கிறாள். செல்வியும் குழந்தையும் உடம்புக்கு நன்றாக இருக்கிறார்கள். உடம்புக்கு என்று மட்டும்தான் இப்போதைக்குச் சொல்ல முடியும்.

நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். செல்வி போனில் இருந்து பேசலாம்தான். ஆனால் கட்டினவனுக்கும் நாத்தனாருக்கும் நடுவில் அந்தப் பெண்ணை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. சிமெண்ட் ஆலை ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்யும் சத்யப்பிரியாவின் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் விமானம் ஏறி சிங்கப்பூர் வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படிக்கும்போது நடுவில் கோபம் வந்தால் மடித்து வை. ஒரு டீ குடித்துவிட்டு வந்து மிச்சத்தைப் படி. கிழித்துப் போட்டுவிடாதே.

நடந்ததை முதலில் இருந்து எழுதுகிறேன். நீ அங்கிருந்து பார்ப்பதும் நான் இங்கிருந்து பார்ப்பதும் ஒன்றுதானா என்று நீயே சரிபார்த்துக்கொள்.

ஆடி பிறந்ததும் ஊர்த்தெரு நல்லதம்பி அவனுடைய ஃபேஸ்புக் பக்கத்தில் ஓடைக்கரையில் நம் தெரு கும்பிடும் ஓடையாத்தா கல்லின் படத்தைப் போட்டான். சுருள் சுருளாக, முறம் அகலத்தில் இருக்கிற இந்தக் கல் பெருமாளின் சக்கரம், சாளக்கிராமம் என்றான். ஓடைக்கரையில் பழைய பெருமாள் கோயில் ஒன்று புதைந்து கிடக்கிறது, கல்லை எடுத்து ஊர்க் கோயிலில் வைத்து முறைப்படி பூஜை செய்ய வேண்டும் என்று எழுதினான். அந்தக் கோயிலில் நம் தெரு ஆட்கள் எந்த இடம் வரைக்கும் போய் நிற்கலாம் என்று உனக்கும் எனக்கும் தெரியும். கல் அங்கே போனால் அம்மா இனிமேல் தூரத்தில் நின்றுதான் அவளுடைய தெய்வத்தைப் பார்க்க வேண்டும். உனக்கு ரத்தம் கொதித்தது நியாயம். எனக்கும் கொதித்தது.

அதற்கு நீ கொடுத்த பதில்தான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. நம் தெருப் பையன்களை வீடியோ காலில் வைத்துக்கொண்டு, கல்லின் மேல் படிந்திருந்த எண்ணெய்க் கறுப்பைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கச் சொன்னாய். உள்ளே இருந்து கோடுகள் தெரிந்தன. அதைப் பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டு, இது தமிழி எழுத்து, இது புத்தரின் அறச்சக்கரம், எங்கள் முன்னோர் பௌத்தர்கள், அவர்கள் எழுதி வைத்த கல் இது என்றாய். அதோடு நிறுத்தியிருந்தால்கூட நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேனோ என்னவோ. கடைசியில், என் அக்கா புவனேஸ்வரி எம்.எஸ்ஸி. ஜியாலஜி, கல்லை நேரில் ஆய்வு செய்து மனிதக் கை வெட்டிய எழுத்துதான் என்று உறுதி செய்திருக்கிறார் என்று சேர்த்தாய்.

நான் அந்தக் கல்லை ஆய்வு செய்யவே இல்லை அறிவு. சின்ன வயசில் அம்மாவோடு போய்க் கும்பிட்டதோடு சரி. போன் செய்து கேட்டதற்கு, நீ எப்படியும் சொல்லப்போறதத்தானக்கா நான் கொஞ்சம் முன்னாடி போட்டுட்டேன் என்று சிரித்தாய். ரெண்டு நிமிஷம் வீடியோவில் பேசி அனுப்பு, மிச்சத்த நான் பாத்துக்கிறேன் என்றாய். பார்க்காமல் பேசமாட்டேன் என்றேன். அன்றைக்குத்தான் பிளாக் செய்தாய்.

போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஊருக்குப் போய்ப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், எழுத்தாக இருந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் ஓடைக்குள் இறங்கினேன். கண்ணாடி லென்ஸ், டார்ச், தண்ணீர் பாட்டில், ஒரு பழைய பல் பிரஷ், இவ்வளவுதான் கொண்டுபோனேன்.

அது எழுத்து இல்லை.

கல்லாகிப்போன கடல் உயிர் ஒன்றின் ஓடு அது. நத்தை மாதிரி சுருண்ட ஓடு, உள்ளே கணவாய் மாதிரி ஓர் உயிர். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் நம் பக்கமெல்லாம் கடலாக இருந்தபோது வாழ்ந்தது. அரியலூர் மியூசியத்தில் இதே வகை சின்னச் சின்னதாக வைத்திருக்கிறார்கள். அந்த ஓட்டுக்குள் அறை அறையாகத் தடுப்புச் சுவர் இருக்கும். சுவரின் விளிம்பு நேர்க்கோடாக இருக்காது, கொத்தமல்லி இலையின் ஓரம் மாதிரி வளைந்து நெளிந்து இருக்கும். மேலோடு உதிர்ந்த இடத்தில் அந்த விளிம்புதான் கோடாகத் தெரிகிறது. பிரஷ் போட்டுத் தேய்த்தபோது மேலோடு பொரிந்து விழுந்திருக்கிறது. அதனால்தான் இத்தனை வருஷம் யார் கண்ணிலும் படாதது உன் வீடியோவில் முதல் முறையாகப் பட்டது.

இதை நீ என் வாய்ச்சொல்லாக நம்ப வேண்டாம். பையன்களை விட்டு நீயே பார்க்கலாம். கல்லின் தெற்கு ஓரத்தில் கையகலத்துக்குப் பழைய உடைப்பு ஒன்று இருக்கிறது. உளியால் வெட்டிய எழுத்து மேற்பரப்போடு நின்றுவிடும். இந்தக் கோடுகள் உடைப்பு வழியாக உள்ளே சுவராகப் போகின்றன. கல்லுக்குள் புகுந்து யாரும் எழுத முடியாது.

இன்னொன்று. வட்டம் போட்ட கோடுகளை நீ ஒரு எழுத்து அட்டவணையோடு வைத்துப் பொருத்தினாய். அட்டவணையோடு பொருந்தின நாலைந்துக்கு மட்டும் வட்டம் போட்டாய். பொருந்தாத கோடுகள் கல் முழுக்கக் கிடக்கின்றன. ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி வந்தால் நாங்கள் மேலே கிடப்பதை மட்டும் அள்ளிச் சோதிப்பதில்லை. மேலே இருப்பது அனுப்புகிறவன் காட்ட நினைத்தது. மேலே, நடுவில், அடியில் என்று பல இடத்தில் எடுத்து, கலந்து, குவித்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டைத் தள்ளி, மறுபடி கலந்து, அப்படியே கைப்பிடி ஆகும் வரை செய்வோம். அந்தக் கைப்பிடிதான் லாரிக்குச் சாட்சி. நீ எடுத்தது மேல்மண். அதிலும் உனக்குப் பிடித்ததை மட்டும்.

நம் ஜில்லாவில் பௌத்தர்களே இருந்ததில்லை என்று நான் சொல்லவில்லை. வயலிலும் ஏரிக்கரையிலும் புத்தர் சிலைகள் கிடைத்திருக்கின்றன. நம் முன்னோர் அவர்களாக இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதற்கு வேறு சாட்சி தேட வேண்டும், தேடினால் நானும் வருவேன். இந்தக் கல் அந்த வழக்கில் சாட்சி இல்லை.

உனக்கு அது ஏன் எழுத்தாக இருந்தாக வேண்டும் என்று எனக்குப் புரியாமல் இல்லை. உங்க ஆளுங்களுக்கு எழுத்து வந்ததே சத்துணவுக்கு அப்புறம்தானடா என்று பாலிடெக்னிக் ஹாஸ்டலில் ஒருத்தன் சொன்னதை நீ என்னிடம் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறாய். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பேச்சுக்குக் கல்லிலேயே பதில் கிடைத்துவிட்டது என்று உனக்கு இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை தாசில்தார் ஆபீசில் அமைதிப் பேச்சுவார்த்தை. இரண்டு தெருவில் இருந்தும் ஐந்து ஐந்து பேர். உன் வீடியோவில் பெயர் இருப்பதால் என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். கேட்டால் நான் பார்த்ததைத்தான் சொல்வேன். அதற்கு முன்னால் நீயே, தப்பாக எடுத்துக்கொண்டேன், அக்கா பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லிவிட்டார் என்று ஒரு வரி போட்டுவிடு. உனக்கு எதிராக நான் சபையில் வாய் திறக்கும்படி வைக்காதே.

செல்வியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். உன் வீடியோவுக்குக் கீழே அவள் படத்தை எடுத்துப் போட்டு யாரோ அசிங்கமாக எழுதியிருக்கிறார்கள். பதிலுக்கு நம் ஆட்கள் நல்லதம்பியின் தங்கையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடக்கூட செல்வி இப்போது பக்கத்து வீட்டு ஆண்டாயியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டுதான் போகிறாள்.

வேளைக்குச் சாப்பிடு. வெயிலில் சைட்டில் நிற்கும்போது தலைக்குத் துணி கட்டிக்கொள்.

உன் நலத்தையே நினைக்கும்
அக்கா,
புவனேஸ்வரி.


ஊரில் இருந்து,
24.8.2024, சனிக்கிழமை.

அன்புத் தம்பி அறிவுக்கு,

அக்கா. அம்மா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆலையில் லீவு சொல்லிவிட்டு வந்து இங்கேயே இருக்கிறேன். இதை ஆள் மூலம் அனுப்ப நேரம் இல்லை. செல்வி படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். நடுவில் அவளை நிறுத்தக்கூடாது என்று முன்பு எழுதினேன். படித்துப் பார்த்துவிட்டு, நான் நடுவுல இல்ல அண்ணி, நான்தான் இங்க குடியிருக்கிறேன் என்று அவளே வாங்கிக்கொண்டாள்.

முதல் கடிதம் உன் கைக்கு வந்தது தெரியும். நீ ஒரு வரியும் போடவில்லை. அதற்குப் பதில் தெருக் குரூப்பில் குரல் பதிவு அனுப்பினாய். எங்கக்கா சிமெண்ட் கம்பெனியில கல்லப் பொடியாக்குறவ, அவளுக்கு எந்தக் கல்லப் பாத்தாலும் பொடியாத்தான் தெரியும் என்றாய். தண்ணிக் குழாயடியில் யாரோ அதைச் சத்தமாக ஓட விட்டார்கள். அம்மா குடத்தை வைத்துவிட்டு வந்துவிட்டாள். எனக்கு வருத்தத்தைவிட, நன்றாகத்தான் சொல்லியிருக்கிறான் என்று ஒரு நொடி சிரிப்பும் வந்தது. நீ சின்ன வயசில் இருந்தே திட்டுவதில் கெட்டிக்காரன்.

பேச்சுவார்த்தையில் நடந்ததை வெவ்வேறு மாதிரி கேள்விப்பட்டிருப்பாய். நடந்தது இது. தாசில்தார் அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இது நீங்க உறுதி செஞ்சதுதானாம்மா என்று கேட்டார். இல்லை மேடம் என்றேன். நம் தெரு ஆட்கள் ஐந்து பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உடைப்பு பற்றியும் உள்ளே போகும் சுவர்கள் பற்றியும் உனக்கு எழுதினதை அப்படியே சொன்னேன். இது கோயிலில் இருந்து வந்து விழுந்த கல்லும் இல்லை, ஓடைக்கரைப் பாறையோடு பாறையாக ஒட்டியிருக்கிறது, அடியில் வைத்துச் சேர்த்த தடமே இல்லை, யாரும் கொண்டுவந்து வைத்ததில்லை என்றும் சொன்னேன். அப்போது ஊர்த்தெருக்காரர்களுக்கும் முகம் மாறியது.

நல்லதம்பி எழுந்தான். மரியாதையாகத்தான் கேட்டான். அக்கா, நேபாளத்துச் சாளக்கிராமமும் இதே மாதிரி கடல் உயிர் கல்லா ஆனதுதானே என்றான். ஆமாம் தம்பி, அதுவும் இந்த வகைதான் என்றேன். தொடர்ந்து, ஆனால் கல் ஒரே வகை என்பதால் யார் எந்தத் தெய்வமாகக் கும்பிட்டார்கள் என்று கல் சொல்லாது, ஒரே மண்ணில் செய்த இரண்டு பானையில் எந்த வீட்டுச் சோறு பொங்கியது என்று மண் சொல்லாது என்றேன்.

சாயங்காலத்துக்குள் அவனுடைய பக்கத்தில் என் முகம் வந்துவிட்டது. ஆமாம் தம்பி, அதுவும் இந்த வகைதான் என்பதோடு வெட்டியிருந்தார்கள். காலனிப் பெண் விஞ்ஞானியே ஒப்புக்கொண்டார், இது சாளக்கிராமம் என்று தலைப்பு. நான் சொல்லாததை என் பெயரில் நீ போட்டது போய், நான் சொன்னதையே பாதியில் அறுத்துப் போட்டார்கள். எது மோசம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நல்லதம்பிக்கு போன் செய்து முழுசாகப் போடு என்று கேட்டேன். முழுசும் இருபது நிமிஷம்க்கா, யாரு பாப்பா என்றான். பிறகு, என் பக்கத்துல கமெண்ட் போடுறவங்கள என்னாலயே இப்ப அடக்க முடியலக்கா என்றான். அவன் குரலில் பயம் இருந்தது.

மறுநாளில் இருந்து நம் தெருவில் யாரும் என்னோடு பேசவில்லை. கடையில் சீயக்காய் கேட்டால் எடுத்து வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். சித்தி கலியம்மாள் வீட்டு வாசலில் நின்று, படிக்க வச்சது நம்மளக் காட்டிக் குடுக்கத்தானா என்று காற்றைப் பார்த்துக் கேட்டது. பதில் சொல்ல நினைத்தேன். அவர்கள் கேட்பது கல்லைப் பற்றி இல்லை என்று தோன்றியதால் திரும்பி நடந்துவிட்டேன்.

புதன்கிழமை காலையில் ஊர்த்தெருவில் இருந்து டிராக்டரில் வந்தார்கள். கடப்பாரை, கயிறு, மாலை, மேளம். பெருமாளை மரியாதையா எடுத்துட்டுப் போக வந்திருக்கோம், தகராறு பண்ணாதீங்க என்றார்கள். பாறையோடு ஒட்டியிருக்கிறது, நெம்பினால் உடையும் என்று நான் கத்தினேன். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. நம் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து கல்லைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த ஆண்டாயி, நீதான் கடல் பூச்சின்னு சொல்லிட்டியே, பூச்சிக்கு எதுக்குடி காவலு என்றாள். பூச்சின்னு சொன்னேன், அவங்க வூட்டுப் பூச்சின்னா சொன்னேன் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுற்றி இருந்தவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. கடப்பாரையை வைத்துக்கொண்டு நின்றவர்களுக்கு நாங்கள் எதற்குச் சிரிக்கிறோம் என்று புரியாமல் இன்னும் கோபம் வந்தது.

ஒரு கல் வந்தது. யார் எறிந்தது என்று தெரியாது. செல்வியின் தோளில் பட்டது. வீக்கம்தான், எலும்புக்கு ஒன்றும் இல்லை, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாயிற்று. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள். அவள் கையாலேயே இதைப் படம் பிடிக்கப் போகிறாள், மறைக்க முடியாது. நம் பையன்கள் பதிலுக்கு அடிக்க ஓடப் பார்த்தார்கள், அம்மா வழியில் படுத்துவிட்டாள். அதற்குள் போலீஸ் வந்தது. டிராக்டரைத் திருப்பி அனுப்பினார்கள். இப்போது ஓடைக்கரையில் இரண்டு கான்ஸ்டபிள்கள் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நம் தெருவில் இருந்துதான் மோர் போகிறது.

விவகாரம் வருவாய்க் கோட்ட ஆர்.டி.ஓ.விடம் போய்விட்டது. வியாழக்கிழமை விசாரணை. கல் இருக்கும் இடத்திலேயே இருக்கலாமா, எடுப்பதா, கம்பி வேலி போட்டு இரண்டு தெருவுக்கும் பூட்டிவிடுவதா என்று அன்றைக்கு உத்தரவு போடுவார். இதுதான் உனக்கு எழுதக் காரணம், மிச்சத்தைக் கவனமாகப் படி.

ஆர்.டி.ஓ. நேற்று வந்து இடத்தைப் பார்த்தார். பிரஷ் போகாத கீழ் ஓரத்தை நான் அவருக்குக் காட்டினேன். எண்ணெயும் மஞ்சளும் புகையும் சேர்ந்து மரப்பட்டை மாதிரி அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. நகத்தால் கீறினால் ஏடு ஏடாக வருகிறது. எவ்வளவோ காலம் விடாமல் ஆடிக்கு ஆடி விளக்கெண்ணெய் தடவினால்தான் இப்படி ஏறும். கல்லின் மேல்பக்கம் முழுக்க அப்படித்தான் இருந்தது அறிவு. இல்லாத எழுத்தைக் காட்ட, நம்மிடம் இருந்த சாட்சியை நீ தேய்த்துக் கழுவிவிட்டாய். கோபத்தில் எழுதவில்லை. நீயும் அதைத் தெரிந்து செய்யவில்லை.

அவர் லென்ஸை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, யாரோ ரொம்ப காலமா கும்பிட்டிருக்காங்க, சரி, அது நீங்கதான்னு இந்த எண்ணெய் சொல்லுமா என்று கேட்டார். சரியான கேள்வி. சொல்லாது சார் என்றேன். அதை மனிதர்கள்தான் சொல்ல வேண்டும். அம்மா சொல்லலாம், கலியம்மாள் சித்தி சொல்லலாம், கல்யாணம் ஆகி ஜெயங்கொண்டத்துக்குப் போன ஜெகதாம்பாள் பெரியம்மா வந்து சொல்லலாம். ஊர்த்தெருவிலேயே, ஆடிக்கு அவங்கதான் கூழ் ஊத்துவாங்க, நாங்க அந்தப் பக்கமே போனதில்ல என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கிறார்கள். ஒருத்தர் என்னிடம் வெற்றிலைக் கடையில் மெதுவாகச் சொல்லவும் செய்தார்.

ஆனால் ஊர்த்தெருவுக்கு ஒரு வக்கீல் வந்திருக்கிறார். அவர் கையில் வேறு எதுவும் இல்லை, உன் வீடியோ மட்டும்தான் இருக்கிறது. எழுத்து விஷயத்துல பொய், நிபுணர் உறுதி செஞ்சாங்கன்னதுல பொய், அந்த நிபுணரே இல்லைன்னு சொல்லிட்டாங்க, இவங்க கும்பிட்டோம்னு சொல்றத மட்டும் நாம எப்படி நம்புறது சார் என்றார். அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டு கேட்டாள். அவளுக்குப் பாதி புரிந்தது. நான் என்ன பொய் சொன்னேன் என்று என்னைக் கேட்டாள். நீ இல்லம்மா என்றேன். அப்ப யாரு என்றாள்.

உன் பெயரை நான் சொல்லவில்லை.

ஆர்.டி.ஓ. போகும்போது சொல்லிவிட்டுப் போனார். போட்டவரே எடுத்துட்டு, தப்புன்னு அவர் வாயால சொல்லிட்டா நான் அந்த வீடியோவைக் கணக்குல எடுக்கமாட்டேன், இங்க இருக்கிறவங்க சொல்றத மட்டும் தனியாக் கேட்பேன் என்றார். நல்லதம்பியிடமும் அவனுடைய துண்டு வீடியோவை எடுக்கச் சொல்லியிருக்கிறார். அவரு எடுத்தா நானும் எடுக்கிறேன் என்று அவன் சொல்லியிருக்கிறான். இரண்டு பேரும் வாசலில் நின்றுகொண்டு நீ முதலில் போ என்கிறீர்கள். உள்ளே இருப்பவர்களுக்குத்தான் மூச்சு முட்டுகிறது.

வீடியோவை எடுத்தால் நீ தோற்றதாக அத்தனை பேரும் சிரிப்பார்கள் என்று உனக்கு இருக்கும். சிரிப்பார்கள்தான். உன்னைத் தூக்கிப் பிடித்தவர்களே துரோகி என்பார்கள். நான் இரண்டு வாரமாக அதோடுதான் இருக்கிறேன், சாப்பாடு இறங்கத்தான் செய்கிறது. நீ ஊருக்கு நல்லது நினைத்துத்தான் செய்தாய் என்று அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கோபமாக இருந்தாலும் கலியம்மாள் சித்திக்கும் தெரியும். அங்கே கைதட்டுகிறவர்கள் யாரும் வியாழக்கிழமை ஆர்.டி.ஓ. முன்னால் வந்து நிற்கப் போவதில்லை. நிற்கப்போவது அம்மா. அவள் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு அதிகாரி முன்னால், எனக்குத் தெரியும், நான் பார்த்திருக்கிறேன் என்று சாட்சி சொல்லப் போகிறாள். அவள் சொல் சொல்லாக நிற்க வேண்டும்.

அன்றைக்கு என்னிடமும் கேட்பார்கள். உங்கள் தம்பி ஏன் அப்படிப் போட்டார் என்று வக்கீல் கேட்பார். கோடு எழுத்து மாதிரி இருந்தது, என் தம்பி தப்பாகப் படித்துவிட்டான் என்று சொல்ல ஆசைப்படுகிறேன். அது இன்றைக்கு வரைக்கும் உண்மை. ஆனால் இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அந்த வீடியோ அங்கேயே இருந்தால், என்னால் அப்படிச் சொல்ல முடியாது. சபையில் நின்று பார்த்ததை மட்டும் சொல்லுகிறவளாக நான் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அம்மா சொல்வதற்கும் மதிப்பு இருக்காது. என் தம்பி பொய் சொன்னான் என்று என் வாயால் சொல்ல வைத்துவிடாதே அறிவு.

புதன்கிழமை வரைக்கும் என் போன் கையிலேயே இருக்கும். பேச வேண்டாம். எடுத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை போதும். அதுவும் வேண்டாம், எடுத்துவிடு, நானே பார்த்துக்கொள்கிறேன்.

குழந்தை, அப்பா எப்ப வரும் என்று கேட்கிறது. நல்லபடியாக இரு. எந்த ஊரில் இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

உன் அக்கா,
புவனேஸ்வரி.